அறிந்த பயணியும் அறியாத பயணியும்: விமான நிலையச் சோதனை கடந்து வந்த பாதை



2024ஆம் ஆண்டின் இறுதியில் ஒரு நாள், அஸர் தொழுகை முடிந்து மக்கள் கலைந்த பின்னர், நமது மஹல்லாவைச் சேர்ந்த பெரியவர் ஒருவர் பள்ளியின் தாழ்வாரத்தில் நம் அருகில் வந்து அமர்ந்தார். அமெரிக்காவில் பணிபுரியும் மகனின் இல்லத்தில் மூன்று மாதங்கள் தங்கி, பேரக் குழந்தையோடு இருந்துவிட்டு அப்போதுதான் ஊர் திரும்பியிருந்தார். பயணம் நலமாக அமைந்ததா என்று வினவினோம். "ஹஜ்ரத், இனிமேல் அந்தப் பக்கம் போவதாக இல்லை" என்றார்.

காரணத்தையும் அவரே கூறினார். மகன் குடும்பத்தோடு அந்நாட்டிற்குள்ளேயே ஓர் ஊரிலிருந்து மற்றோர் ஊருக்கு விமானத்தில் செல்ல நேர்ந்ததாம். மகனும் மருமகளும் பேரனும் ஒரு வரிசையில் நுழைந்து, காலணியைக்கூடக் கழற்றாமல் பத்தே நிமிடத்தில் அப்பால் சென்றுவிட்டனர். அவரோ வேறொரு நீண்ட வரிசைக்கு அனுப்பப்பட்டார். காலணியைக் கழற்றினார், இடைவாரைக் கழற்றினார், தொப்பியையும் எடுத்தார். அதன் பிறகும் அவரைத் தனியே அழைத்து, கைப்பையைக் கவிழ்த்து, உள்ளங்கைகளைத் துணியால் துடைத்துக் கருவியில் வைத்துப் பார்த்தார்களாம். ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆயிற்று. கண்ணாடித் தடுப்பிற்கு அப்பால் பேரன் கையசைத்துக்கொண்டே நின்றிருக்கிறான்.

"என் மகன் பெயருக்குப் பின்னால் இருப்பதும் என் பெயர்தான் ஹஜ்ரத். அவனுக்கு ஒரு வாசல், எனக்கு ஒரு வாசலா? காசு கொடுத்தால் கிடைக்கிற மரியாதையா அது?" என்று கேட்டார்.

அன்று நம்மிடம் விடை இல்லை. அறிந்தவர்களிடம் கேட்டும், படித்தும் திரட்டியதை இம்மலரின் வாயிலாக உங்கள் முன் வைக்கிறோம். வளைகுடா, சிங்கப்பூர், மலேசியா, ஐரோப்பா, அமெரிக்கா என நம் பிள்ளைகள் பரவி வாழும் இக்காலத்தில் இது ஒரு பெரியவரின் கேள்வி மட்டுமன்று.

சோதனையே இல்லாத காலம்

இன்றைய தலைமுறைக்கு வியப்பாக இருக்கலாம். விமானப் பயணத்தின் தொடக்க காலத்தில் பாதுகாப்புச் சோதனை என்று ஒன்று இருக்கவில்லை. பேருந்தில் ஏறுவதைப் போலவே மக்கள் விமானத்திலும் ஏறினர். வழியனுப்ப வந்தவர்கள் விமானத்தின் அருகிலேயே நின்று விடைகொடுத்தனர்.

1961ஆம் ஆண்டு மே மாதம் முதல் நாளன்று அமெரிக்கப் பயணிகள் விமானம் ஒன்று கியூபா நாட்டிற்குக் கடத்தப்பட்டது. அதைத் தொடர்ந்து கடத்தல்கள் பெருகின. 1968 முதல் 1972 வரையிலான ஐந்து ஆண்டுகளில் மட்டும் அந்நாட்டில் நூற்றுக்கும் மேற்பட்ட கடத்தல் நிகழ்வுகளும் முயற்சிகளும் நடந்தன. ஆயினும் பயணிகள் அனைவரையும் சோதிப்பதற்கு விமான நிறுவனங்கள் தயங்கின. வாடிக்கையாளரைக் குற்றவாளி போல் நடத்தினால் அவர் மீண்டும் வரமாட்டார் என்பது அவர்களின் அச்சம்.

ஆகவே 1969இல் ஓர் இடைவழி கண்டனர். கடத்தல்காரர்களிடம் பொதுவாகக் காணப்பட்ட நடத்தைக் குறிப்புகளைத் தொகுத்து, அவற்றோடு பொருந்துவோரை மட்டும் உலோகங்காணும் கருவியால் சோதிப்பது என்பதே அது. ஏனையோர் தடையின்றிச் சென்றனர். சிலரை மட்டும் சோதிப்பது என்னும் கருத்து ஏதோ நேற்று முளைத்ததன்று, அனைவரையும் சோதிப்பதற்கும் முந்தியது என்பதை இங்கே குறித்துக்கொள்ள வேண்டும்.

அம்முறை நிலைக்கவில்லை. எல்லா நிறுவனங்களும் அதை ஒரே சீராகக் கடைப்பிடிக்கவில்லை, கடத்தல்களும் நின்றபாடில்லை. 1972 நவம்பரில் கடத்தப்பட்ட ஒரு விமானத்தை, ஓக் ரிட்ஜ் என்னும் ஊரிலுள்ள அணு ஆராய்ச்சி நிலையத்தின் மீது மோதப்போவதாகக் கடத்தியவர்கள் மிரட்டினர். நாடே நடுங்கியது. 1973ஆம் ஆண்டு ஜனவரி 5ஆம் நாள் முதல், அமெரிக்க விமான நிலையங்களில் ஏறும் ஒவ்வொரு பயணியும், அவர் கொண்டு செல்லும் ஒவ்வொரு கைப்பையும் சோதிக்கப்பட வேண்டும் என்ற ஆணை நடைமுறைக்கு வந்தது. செல்வரும் ஏழையும், அதிகாரியும் தொழிலாளியும் ஒரே வரிசையில் நின்றனர். சங்கடம் அனைவருக்கும் பொதுவாயிற்று. அதனாலேயே அது ஏற்றுக்கொள்ளப்பட்டது.

சுமை ஏறிய விதம்

1998இல் அமெரிக்க விமான நிறுவனங்கள் கணினியைக் கொண்டு பயணிகளைத் தரம்பிரிக்கும் ஏற்பாடு ஒன்றைக் கையாளத் தொடங்கின. பயணச்சீட்டு விவரங்களை ஆராய்ந்து, கூடுதல் கவனம் தேவைப்படுவோரை அது சுட்டிக்காட்டும். 2001 செப்டம்பர் 11ஆம் நாள் விமானங்களைக் கடத்திய 19 பேரில் பாதிக்கும் மேற்பட்டோரை அக்கணினி முறையாகச் சுட்டிக்காட்டவே செய்தது என்று பின்னர் அமைந்த விசாரணை ஆணையம் தெரிவித்தது. ஆனால் சுட்டிக்காட்டப்பட்டோரின் பெட்டிகளைத்தான் கூடுதலாகக் கவனிக்க வேண்டும் என்பது அன்றைய விதி. ஆட்கள் உள்ளே சென்றுவிட்டனர்.

அதே ஆண்டு நவம்பர் 19ஆம் நாள் புதிய சட்டம் கையெழுத்தானது. அதுவரை தனியார் ஊழியர்களின் கையிலிருந்த சோதனைப் பணி, டி.எஸ்.ஏ. எனப்படும் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகம் என்னும் அரசுத் துறையிடம் ஒப்படைக்கப்பட்டது. கெடுபிடிகளைக் கொண்டுவந்த அச்சட்டத்திலேயே, நம்பகமான பயணிகளுக்கு விரைவான சோதனை வழங்கும் திட்டங்களை ஏற்படுத்தவும் இடமளிக்கப்பட்டிருந்தது. கடுமைக்கும் எளிமைக்கும் விதை ஒரே நாளில்தான் ஊன்றப்பட்டது. ஒன்று உடனே முளைத்தது. மற்றொன்று முளைக்கப் பத்தாண்டுகள் ஆயின.

அந்தப் பத்தாண்டுகளில் ஒவ்வொரு சதிக்கும் ஒரு சுமை ஏறியது. 2001 டிசம்பரில் ஒருவன் காலணிக்குள் வெடிபொருளை மறைத்து விமானத்தில் ஏறினான். 2006 முதல் அனைவரும் காலணியைக் கழற்றலாயினர். அதே 2006இல் லண்டனில் திரவ வெடிபொருள் சதி வெளிப்பட்டது. 100 மில்லிலிட்டருக்கு மேற்பட்ட திரவம் கைப்பையில் கூடாது என்ற விதி வந்தது. 2009 டிசம்பரில் ஒருவன் உள்ளாடைக்குள் வெடிபொருளைக் கொண்டு வந்தான்; முழு உடலையும் காணும் கருவிகள் பரவலாயின. தீங்கு நினைத்தவன் ஒருவன், கழற்றியவர்களோ கோடிக்கணக்கானோர்.

பெயரின் பாரம்

இவை அனைவருக்கும் பொதுவான சுமைகள். சிலருக்கு மட்டும் உரியதாக மற்றொரு சுமையும் வந்தது. அது பெயரின் சுமை.

ஐயத்திற்குரியோரின் பெயர்ப் பட்டியல் ஒன்று விமான நிறுவனங்களுக்கு அளிக்கப்பட்டது. பட்டியலில் இருந்த பெயரோடு பயணியின் பெயர் ஒத்துப்போனால், ஒத்ததுபோல் தோன்றினாலும் கூட, அவர் நிறுத்தப்பட்டார். அமெரிக்காவின் மூத்த செனட்டர்களில் ஒருவரும், முன்னாள் அதிபரின் தம்பியுமான எட்வர்ட் கென்னடியே விமான நிலையங்களில் பலமுறை தடுத்து நிறுத்தப்பட்டார். அவர் பெயரையொத்த புனைபெயர் ஒன்று பட்டியலில் இருந்ததே காரணம். 2004 ஆகஸ்டில் செனட் குழுவின் முன்னிலையில் அவரே இதை எடுத்துரைத்தார். துறையின் தலைமையோடு நேரில் பேசக்கூடிய அவருக்கே தம் பெயரைத் துலக்கிக்கொள்ளப் பல வாரங்கள் பிடித்தன. எனில் முஹம்மது, அப்துல், ஹுசைன் என்று உலகெங்கும் கோடிக்கணக்கானோர் தாங்கும் பெயர்களை உடைய எளிய மக்களின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை.

2010 ஜனவரியில் இன்னொன்றும் நிகழ்ந்தது. 14 நாடுகளிலிருந்து வருவோர் அனைவருக்கும் கூடுதல் சோதனை என்று அறிவிக்கப்பட்டது. கியூபாவைத் தவிர ஏனையவை முஸ்லிம்கள் பெரும்பான்மையாகவோ பெருந்தொகையினராகவோ வாழும் நாடுகள். மூன்று மாதங்களில், ஏப்ரல் மாதத்திலேயே, அவ்வாணை கைவிடப்பட்டது. ஒரு நாட்டார் அனைவரையும் ஐயுறுவதைக் காட்டிலும், குறிப்பிட்ட உளவுத் தகவலோடு பொருந்துவோரை ஆராய்வதே பயன் தரும் என்று அந்த அரசே முடிவுக்கு வந்தது.

நம் மண்ணின் மைந்தர், இராமேசுவரத்தில் பிறந்து நாட்டின் முதற்குடிமகனாக உயர்ந்த டாக்டர் ஏ.பி.ஜே. அப்துல் கலாம் அவர்களுக்கு நேர்ந்ததையும் நாம் மறந்துவிடலாகாது. 2009 ஏப்ரலில் டெல்லி விமான நிலையத்தில், அமெரிக்கா செல்லவிருந்த அவரை ஒரு வெளிநாட்டு விமான நிறுவனத்தின் ஊழியர்கள் உடற்சோதனை செய்தனர். முன்னாள் குடியரசுத் தலைவர்களுக்கு அத்தகைய சோதனையிலிருந்து விலக்கு உண்டு என்பது நம் நாட்டு விதி. சில மாதங்கள் கழித்துச் செய்தி வெளியாகி நாடாளுமன்றமே கொந்தளித்த பின், அந்நிறுவனம் மன்னிப்புக் கோரியது. 2011 செப்டம்பர் 29ஆம் நாள் நியூயார்க் விமான நிலையத்தில், விமானத்தில் ஏறி அமர்ந்த பின்னர், அவருடைய மேலங்கியும் காலணியும் சோதனைக்காக வாங்கிச் செல்லப்பட்டன. இம்முறை அமெரிக்க அரசே வருத்தம் தெரிவித்தது. இரு முறையும் அவர் எவரையும் கடிந்துகொள்ளாமல் இணங்கினார். அவரது பெருந்தன்மை அது. ஆனால் உலகறிந்த ஒரு மனிதரையே அறியாத மனிதராக நடத்திய அம்முறையின் குறை, அவரது பெருந்தன்மையால் மறைந்துவிடாது.

ஒத்த பெயர், வேறு மனிதர்

ஒரே பெயரை உடைய இருவரை எவ்வாறு பிரித்தறிவது? இக்கேள்வி மதரஸாவில் ஓதியவர்களுக்குப் புதிதன்று. ஹதீஸ் அறிவிப்பாளர்களில் ஒரே பெயரும் ஒரே தந்தை பெயரும் கொண்டோர் பலர் உண்டு. அவர்களில் ஒருவர் நம்பகமானவராகவும் மற்றவர் பலவீனமானவராகவும் இருப்பின், பெயரை மட்டும் பார்த்துத் தீர்ப்பளிப்பது இருவருக்கும் அநீதியாகும். ஹிஜ்ரி 463இல் (கி.பி. 1071) மறைந்த கதீபுல் பக்தாதி என்னும் பேரறிஞர், ஒத்த பெயர் கொண்ட வெவ்வேறு அறிவிப்பாளர்களைப் பிரித்தறிவதற்கென்றே 'அல் முத்தஃபிக் வல் முஃப்தரிக்' என்னும் நூலை எழுதினார். தந்தை யார், பாட்டனார் யார், எந்த ஊரார், யாரிடம் கற்றார், எந்த ஆண்டு மறைந்தார் என்று ஒவ்வொரு விவரமாகச் சேர்த்தே அறிஞர்கள் ஒருவரை மற்றவரிலிருந்து பிரித்தனர். நம்பிக்கை என்பது விசாரித்த பின்னர் வழங்கப்படுவது. ஐயமும் விசாரித்த பின்னர் கொள்ளப்பட வேண்டியதே.

ஏறக்குறைய இதே முடிவுக்குத்தான் அமெரிக்க நிர்வாகமும் வந்து சேர்ந்தது. 2009 தொடங்கி 2010க்குள் நிறைவுற்ற 'செக்யூர் ஃபிளைட்' என்னும் ஏற்பாட்டின்படி, பெயர்ப் பட்டியலை ஒப்பிடும் பணி விமான நிறுவனங்களிடமிருந்து அரசின் கைக்கு மாறியது. வெறும் பெயர் போதாது. முழுப் பெயரும், பிறந்த தேதியும், ஆணா பெண்ணா என்பதும் தரப்பட வேண்டும் என விதி செய்யப்பட்டது. பெயர் ஒன்றாயினும் பிறந்த நாள் வேறெனில் ஆள் வேறு என்பது உடனே விளங்கிவிடும்.

பிழையாக நிறுத்தப்படுவோர் முறையிடுவதற்கு, 2007 பிப்ரவரியில் 'டி.எச்.எஸ். டிரிப்' என்னும் தனி ஏற்பாடும் தொடங்கப்பட்டது. கட்டணம் இல்லை. மனுவை ஆராய்ந்த பின் ஓர் எண் வழங்குவர். அடுத்த முறை டிக்கெட் எடுக்கும்போது அவ்வெண்ணைக் குறிப்பிட்டால், பெயர் ஒற்றுமையால் விளையும் குழப்பம் குறைய வழியுண்டு. மீண்டும் மீண்டும் நிறுத்தப்படும் நம்மவர்களில் பலர் இதை அறியாமலேயே மனம் புழுங்குகின்றனர்.

விரைவு வரிசை பிறந்த கதை

இனிப் பெரியவரின் கேள்விக்கு வருவோம். மகன் சென்ற அந்த விரைவு வரிசை எப்படி வந்தது?

2004இல் ஐந்து விமான நிலையங்களில் 'பதிவு செய்த பயணி' என்னும் திட்டம் சோதனை முறையில் தொடங்கியது. விரல் ரேகையையும் கண் பாவையின் பதிவையும் கொடுத்து, பின்னணி விசாரணைக்கு உடன்பட்டோர் தனி வரிசையில் சென்றனர். 2005இல் ஆர்லாண்டோ விமான நிலையத்தில் 'கிளியர்' என்னும் தனியார் நிறுவனம் கட்டணம் பெற்று இச்சேவையை நடத்தத் தொடங்கியது. ஆனால் உறுப்பினர்கள் வரிசையின் முன்பகுதிக்குத்தான் செல்ல முடிந்தது. சோதனை எவ்வகையிலும் குறையவில்லை. 2008இல் அரசு பின்னணி விசாரணையையும் நிறுத்திக்கொண்டது. 2009 ஜூனில் அந்நிறுவனம் திடீரென்று கதவடைத்தது. பின்னர் புதிய உரிமையாளர்களின் கீழ் மீண்டும் எழுந்தது. காசு கொடுத்து முன்னால் செல்வது மட்டுமே என்றால் அது வெறும் வசதி. நம்பிக்கை ஆகாது என்பதை அந்த அனுபவம் உணர்த்தியது.

2011ஆம் ஆண்டு அக்டோபர் 4ஆம் நாள், அட்லாண்டா, டெட்ராய்ட், டல்லஸ், மியாமி ஆகிய நான்கு விமான நிலையங்களில் 'டி.எஸ்.ஏ. பிரீசெக்' தொடங்கியது. நியூயார்க்கில் கலாம் அவர்களின் காலணி வாங்கப்பட்டதற்கு ஐந்தே நாட்களுக்குப் பின்னர், அதே நாட்டில், காலணியைக் கழற்றத் தேவையில்லாத வரிசை திறக்கப்பட்டது என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது. காலணி, இடைவார், மெல்லிய மேலங்கி ஆகியவற்றைக் கழற்ற வேண்டாம். மடிக்கணினியையும் திரவப் பையையும் வெளியே எடுக்க வேண்டாம். இங்கே குறைந்தது வரிசை மட்டுமன்று, சோதனையே.

முதலில், அடிக்கடி பறக்கும் வாடிக்கையாளர்களுக்கும், ஏற்கெனவே எல்லைத் துறையில் பதிவு பெற்றிருந்தோருக்கும் மட்டுமே அது கிடைத்தது. 2013 டிசம்பர் முதல், அந்நாட்டின் குடிமக்களும் நிரந்தரக் குடியுரிமைச் சீட்டு பெற்றோரும் தாமே விண்ணப்பிக்க வழி பிறந்தது. ஐந்தாண்டுகளுக்கு 85 டாலர் கட்டணம் விதிக்கப்பட்டது. பின்னர் அது சற்றுக் குறைந்தது. விண்ணப்பதாரர் நேரில் சென்று ஆவணங்களைக் காட்டி, விரல் ரேகை பதிய வேண்டும். குற்றப் பதிவுகளும் குடியேற்றப் பதிவுகளும் ஆராயப்படும். தேறியவருக்கு 'அறியப்பட்ட பயணி எண்' வழங்கப்படும். 2024இல் இத்திட்டத்தின் உறுப்பினர்கள் 2 கோடியைக் கடந்தனர். எண்ணைப் பெற்றவரும் முன்னறிவிப்பின்றி எப்போது வேண்டுமாயினும் முழுச் சோதனைக்கு அழைக்கப்படலாம்.

இத்திட்டம் இடறிய இடமும் உண்டு. வரிசைகளைக் குறைக்கும் அவசரத்தில், விண்ணப்பிக்காத பயணிகள் பலரையும் கணினியின் கணிப்பை வைத்தும், வரிசையில் நிற்கும்போதே மேலோட்டமாகப் பார்த்தும் விரைவு வரிசைக்கு அனுப்பினர். 2014இல், வன்முறைக் குற்றங்களுக்காகத் தண்டனை பெற்று ஊரறிந்த ஒருவர் அவ்வாறே விரைவு வரிசையில் சென்றுவிட்டார். அவரை அடையாளம் கண்டு ஊழியர் ஒருவர் மேலதிகாரியிடம் சொல்லியும், பயணச்சீட்டில் குறியீடு இருக்கிறதென்று விட்டுவிட்டனர். 2015இல் அரசின் தணிக்கைப் பிரிவே இதை வெளிப்படுத்தியது. மேலோட்டமாகப் பார்த்து அனுப்பும் வழக்கம் அவ்வாண்டிலேயே நிறுத்தப்பட்டது. விசாரிக்காமல் ஐயுற்றதால் கலாம் அவர்கள் நிறுத்தப்பட்டார். விசாரிக்காமல் நம்பியதால் தண்டனை பெற்றவர் கடந்து சென்றார். இரு தவறுகளின் வேரும் ஒன்றே.

பெரியவருக்கு நமது விடை

ஆகவே, மகனுக்குக் கிடைத்தது காசுக்கான மரியாதை என்று மட்டும் சொல்வதற்கில்லை. தொடக்கத்தில் விதிக்கப்பட்ட கட்டணமே ஆண்டுக்குப் பதினேழு டாலர்தான். மகன் தன்னை முன்கூட்டியே விசாரணைக்கு ஒப்படைத்துத் தன்னை அறியச் செய்தான். பன்னிரண்டு வயதுக்கு உட்பட்ட பிள்ளை பெற்றோருடன் செல்லலாம் என்ற விதியால் பேரனும் உடன் சென்றான். தந்தையோ சுற்றுலா விசாவில் வந்த விருந்தினர். அந்த வாசலில் அவரை அறிந்தவர் எவருமில்லை.

அதே நேரத்தில் பெரியவரின் கேள்வியில் நியாயமே இல்லை என்றும் நாம் கூறமாட்டோம். எப்போதோ ஒரு முறை பயணம் செய்யும் முதியவரும், விண்ணப்பம் நிரப்பத் தெரியாதவரும், கட்டணம் செலுத்த இயலாதவரும் நீண்ட வரிசையிலேயே நிற்கின்றனர். அவர்கள் ஐயத்திற்குரியோர் அல்லர்; அறியப்படாதோர் மட்டுமே. ஆனால் நிற்பவரின் உள்ளத்தில் இரண்டும் ஒன்றாகவே உறைக்கின்றன. 1973இல் அனைவரும் ஒரே வரிசையில் நின்றபோது இருந்த சமத்துவம் இன்று இல்லை என்பது உண்மை. 2025 ஜூலையில், அமெரிக்க விமான நிலையங்களில் பொது வரிசையில் செல்வோரும் காலணி கழற்ற வேண்டியதில்லை என்று அறிவிக்கப்பட்டது. சிலருக்குத் தந்த எளிமை காலப்போக்கில் பலருக்கும் பரவ முடியும் என்பதற்கு அது ஒரு சான்று.

இந்தியக் குடிமக்களுக்கும் ஒரு வழி உண்டு. 'குளோபல் என்ட்ரி' என்னும் அமெரிக்க எல்லைத் துறையின் திட்டத்தில் 2017 ஜூலை முதல் இந்தியர்களும் விண்ணப்பிக்கலாம். நம் நாட்டு அரசின் பின்னணிச் சரிபார்ப்பும், அமெரிக்க அதிகாரியின் நேர்காணலும் உண்டு. ஆண்டுதோறும் பிள்ளைகளைக் காணச் செல்வோர் இதைக் கருதலாம். வாழ்நாளில் ஒரு முறை செல்பவருக்கு இது தேவைப்படாது.

நமது வாசலில்

நம் நாட்டிலும் சோதனையின் வரலாறு துயரத்தால் எழுதப்பட்டதே. 1985 ஜூன் 23ஆம் நாள் 'கனிஷ்கா' விமானம் வெடித்து 329 பேர் மாண்டனர்; அதன் பின்னரே 1987இல் விமானப் போக்குவரத்துப் பாதுகாப்புப் பிரிவு தனித் துறையாயிற்று. 1999 டிசம்பரில் காத்மாண்டுவிலிருந்து வந்த விமானம் கந்தஹாருக்குக் கடத்தப்பட்டது. 2000 பிப்ரவரியில் ஜெய்ப்பூர் தொடங்கி, மத்தியத் தொழிலகப் பாதுகாப்புப் படையினர் விமான நிலையங்களின் பாதுகாப்பை ஏற்கலாயினர்.

இன்று விரைவு வழிகள் இங்கும் வந்துள்ளன. 2022 டிசம்பரில் டெல்லி, பெங்களூரு, வாரணாசி நகரங்களில் தொடங்கி, பின்னர் சென்னை உள்ளிட்ட இடங்களுக்கும் வந்த 'டிஜி யாத்ரா', உள்நாட்டுப் பயணிகளை முகத்தைக் கொண்டே அடையாளம் காண்கிறது. வெளிநாட்டுப் பயணிகளுக்கென 2024 ஜூன் 22ஆம் நாள் டெல்லியில் நம்பகப் பயணியர் திட்டம் தொடங்கியது. 2025 ஜனவரியில் சென்னைக்கும், செப்டம்பரில் திருச்சிக்கும் அது வந்தது. இந்தியக் குடிமக்களுக்குக் கட்டணம் இல்லை. இணையத்தில் விண்ணப்பித்து, விரல் ரேகையையும் முகப்பதிவையும் கொடுத்துத் தேறியவர், அதிகாரியின் மேசை முன் காத்திராமல் தானியங்கி வாயில் வழியே செல்லலாம். ஒன்றை மட்டும் தெளிவாகப் புரிந்துகொள்ள வேண்டும். இத்திட்டம் எளிதாக்குவது பாஸ்போர்ட்டில் முத்திரை பெறும் குடியேற்றச் சோதனையை மட்டுமே. உடலையும் பையையும் பார்க்கும் பாதுகாப்புச் சோதனை அனைவருக்கும் உண்டு. இரண்டையும் குழப்பிக்கொண்டு, கடைசி நேரத்தில் விமான நிலையம் செல்லலாகாது.

நம் பதிவேடும் நம் பொறுப்பும்

நிறைவாக, நம்மைப் பற்றியே ஒன்று சொல்லியாக வேண்டும். இந்த வரலாறு முழுவதும் பெயரைச் சுற்றியே சுழல்கிறது. நம் பெயர்களை நாம் எவ்வளவு கவனமாகக் கையாள்கிறோம்? 'முஹம்மது' என்னும் ஒரே பெயரை ஆங்கிலத்தில் நால்வர் நான்கு விதமாக எழுதுகிறோம். பாஸ்போர்ட்டில் தந்தை பெயர் முன்னால். பள்ளிச் சான்றிதழில் வெறும் தலையெழுத்து. டிக்கெட்டில் அதுவும் இல்லை. 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம், ஒற்றைப் பெயர் மட்டுமே உள்ள பாஸ்போர்ட்டுடன் சுற்றுலா விசாவில் வருவோரை அனுமதிப்பதில்லை என்று அறிவித்தபோது, பயணத்திற்கு ஆயத்தமான பலர் திகைத்து நின்றதை அறிவோம்.

இத்தவறில் நமக்கும் பங்கு உண்டு என்பதை ஒப்புக்கொள்கிறோம். நிக்காஹ் பதிவேட்டில் மணமக்களின் பெயரை வாயால் சொல்லக் கேட்டு, நம் வழக்கப்படி எழுதிய நாட்கள் உண்டு. அந்தச் சான்றிதழைக் கொண்டு மனைவிக்கு விசா எடுக்கச் சென்ற பிள்ளைகள், எழுத்து வேறுபாட்டால் மாதக்கணக்கில் அலைந்து நம்மிடமே திரும்பி வந்தனர். அவர்களின் அலைச்சலுக்குக் காரணமானது வெளிநாட்டு அதிகாரி அல்லர், நமது பேனாவே. இனி பாஸ்போர்ட்டையோ ஆதார் அட்டையையோ பார்த்து, எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்ட பின்னரே பதிவேட்டில் எழுதுவது என்று உறுதி பூண்டுள்ளோம். நிர்வாகக் குழுவினரும் மஹல்லா பதிவேட்டில் இம்முறையைக் கைக்கொள்ள வேண்டுகிறோம். பிறக்கும் குழந்தைக்குப் பெயர் பதியும்போதே இரண்டு சொற்களாக, ஒரே எழுத்துமுறையில் பதியுமாறு பெற்றோர்களைக் கேட்டுக்கொள்கிறோம். டிக்கெட் எடுத்தவுடன் பாஸ்போர்ட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பிழை இருந்தால் பயண நாளுக்கு முன்னரே திருத்திக்கொள்ளுங்கள்.

அந்தப் பெரியவரிடம் இவற்றையெல்லாம் எடுத்துரைத்து, அவருடைய பாஸ்போர்ட்டையும் பழைய டிக்கெட்டையும் வாங்கிப் பார்த்தோம். பாஸ்போர்ட்டில் இருந்த தந்தை பெயர் டிக்கெட்டில் இல்லை. அன்று தனியே அழைக்கப்பட்டதற்கு அதுவே காரணம் என்று நாம் அறுதியிட்டுக் கூற முடியாது. தற்செயலாகத் தேர்ந்தெடுக்கப்பட்டிருக்கவும் கூடும். ஆயினும் அவர் நெடுநேரம் அவ்விரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "அடுத்த டிக்கெட்டை எடுக்கும்போது நீங்களும் ஒரு தடவை பார்த்துக் கொடுங்கள் ஹஜ்ரத்" என்றார்.

அவசியம் பார்த்துக் கொடுப்போம். அவருக்கும், பிள்ளைகளைக் காணக் காத்திருக்கும் நம் ஜமாஅத்தின் பெற்றோர் அனைவருக்கும் வல்ல இறைவன் பயணங்களை எளிதாக்குவானாக!